நூற்று மூன்று ரன்களும் ஒரு நகரத்தின் ஆற்றாமையும்

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸுக்கு எதிராக முதலில் ஆடிய சென்னை சூப்பர் கிங்ஸ், 20 ஓவர்களில் 9 விக்கெட் இழப்புக்கு 103 ரன் எடுத்தது. கொல்கத்தா அதை 10.1 ஓவரில், இரண்டே விக்கெட்டுகளை இழந்து கடந்துவிட்டது. மிச்சம் 59 பந்துகள். மீதமிருந்த பந்துகளை வைத்துப் பார்த்தால் அதுவரை சி.எஸ்.கே. சந்தித்த தோல்விகளில் இதுவே மிகப் பெரியது. சேப்பாக்கத்தில் அந்த அணி எடுத்த மிகக் குறைந்த ரன்னும் இதுதான். தொடர்ந்து ஐந்து தோல்வி என்பதும், சொந்த மண்ணில் தொடர்ந்து மூன்று தோல்வி என்பதும் ஐ.பி.எல்.லில் அந்த அணிக்கு முதல்முறை.

அன்றைய ஆட்டத்தில் ரசிகர்களைச் சுட்டது எண்ணிக்கை மட்டுமில்லை. கான்வே, ரவீந்திரா இருவரும் சீக்கிரம் வெளியேறிய பிறகு இன்னிங்ஸின் நடுப்பகுதியில் பத்து ஓவருக்கு நெருக்கமாக ஒரு பவுண்டரிகூட வரவில்லை. சுனில் நரைன் நான்கு ஓவர் வீசி, 13 ரன் மட்டும் கொடுத்து, மூன்று விக்கெட் எடுத்தார். ‘டொக்கு’ வைக்கிறார்கள் என்று சென்னைத் தெருக் கிரிக்கெட்டில் சொல்வார்களே, அதையே அன்று கட்டணம் கட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கூடுதல் பேட்ஸ்மேனாக இறக்கப்பட்ட தீபக் ஹூடா ரன் எடுக்கவில்லை. ஜடேஜாவும் எடுக்கவில்லை. ஒன்பதாவது ஆளாக வந்த தோனி ஒரு ரன்னில் நரைனிடம் எல்.பி.டபிள்யூ. ஆனார். கடைசிவரை நின்ற சிவம் துபே 31 ரன் எடுக்காமல் இருந்திருந்தால் மூன்று இலக்கமே கிட்டியிருக்காது. பிறகு அதே ஆடுகளத்தில் நரைன் தொடக்க ஆட்டக்காரராக வந்து 18 பந்தில் 44 ரன் அடித்தார். ஆடுகளத்தின் மேல் பழி போட இருந்த ஒரே வாய்ப்பும் அத்தோடு போயிற்று.

எதிரணித் தலைவர் அஜிங்க்ய ரஹானேவும் சுழற்பந்து வீச்சாளர் மொயீன் அலியும் முந்தைய பருவம்வரை மஞ்சள் சட்டை போட்டு இதே மைதானத்தில் ஆடியவர்கள். இரண்டு விக்கெட் எடுத்த வருண் சக்கரவர்த்தி தமிழ்நாட்டுக்காரர். சேப்பாக்கத்தின் மந்தமான ஆடுகளத்தில் எப்படிப் பந்து போட வேண்டும் என்பதை அன்று சென்னைக்குச் சென்னையின் பழைய ஆட்களே காட்டிக்கொடுத்தார்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு

ஒரே இரவில் வந்த சரிவு அன்று இது. பருவம் தொடங்கியபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பை இந்தியன்ஸை நான்கு விக்கெட் வித்தியாசத்தில் சி.எஸ்.கே. வென்றது. நூர் அகமது 18 ரன் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்தார். ஐந்து நாள் கழித்து ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு வந்தது. 2008இல் நடந்த முதல் ஐ.பி.எல். பருவத்துக்குப் பிறகு அந்த அணி சேப்பாக்கத்தில் சென்னையை வென்றதே இல்லை. பதினேழு ஆண்டுகளாகச் சென்னை ரசிகர்கள் கேலிக்குப் பயன்படுத்திவந்த அந்தப் பதிவு மார்ச் 28 இரவு 50 ரன் வித்தியாசத்தில் அழிந்தது.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு உடைந்தது. ஏப்ரல் 5 அன்று டெல்லி கேபிடல்ஸ் 25 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2010க்குப் பிறகு இங்கே அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இடையே குவாஹாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. அந்தப் போட்டியில் முழங்கையில் பந்து பட்ட கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட், எலும்பு முறிவு காரணமாகப் பருவம் முழுவதும் விலகினார். 43 வயதில் தோனி மறுபடி கேப்டன் ஆனார். பஞ்சாபின் முல்லான்பூரில் பிரியான்ஷ் ஆர்யா என்ற இளைஞர் 42 பந்தில் 103 ரன் அடித்துச் சென்னையைத் தோற்கடித்தார். மூன்று நாள் கழித்துச் சென்னை அணி முழுவதும் சேர்ந்து, 120 பந்துகளில், அதே 103 ரன்னைத்தான் எடுத்தது.

ஏப்ரல் 25 அன்று சன்ரைசர்ஸ் ஹைதராபாத் தன் வரலாற்றில் முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே.வை வென்றது. ஏப்ரல் 30 அட்சய திருதியை. தி.நகர் நகைக்கடைகளில் ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் கூடும் நாள். அன்று இரவு, அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைதானத்தில் சாம் கரன் 88 ரன் அடித்தும் யுஸ்வேந்திர சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக் எடுத்துவிட, சென்னை 190க்குச் சுருண்டது. பஞ்சாப் இரண்டு பந்து மீதமிருக்க ஜெயித்தது. பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்த முதல் அணி சி.எஸ்.கே. என்று அன்றே உறுதியானது. சேப்பாக்கத்தில் அந்தப் பருவம் நடந்த ஆறு போட்டிகளில் ஐந்து தோல்வி.

கடைசிப் பட்டியலில் 14 போட்டிகளில் 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம். ஐந்து முறை கோப்பை வென்ற சி.எஸ்.கே. கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஜூன் 3 அன்று பெங்களூரு தன் முதல் கோப்பையை வென்றது சென்னை ரசிகர்களுக்குக் கூடுதல் வலி. மறுநாள் அங்கே வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு முன்னால் புள்ளிப் பட்டியல் குறித்த வருத்தம் எதுவும் பெரிதில்லை.

எதன் மேல் கோபம்

சி.எஸ்.கே. ரசிகர்களுக்குத் தோல்வி பழக்கமானதுதான். இறுதிப் போட்டிகளில் மட்டும் ஐந்து முறை தோற்ற அணி இது. 2012இல் சேப்பாக்கத்திலேயே நடந்த இறுதிப் போட்டியில் கொல்கத்தாவின் மன்விந்தர் பிஸ்லா 89 ரன் அடித்துக் கோப்பையைப் பறித்துக்கொண்டு போனார். 2019இல் ஹைதராபாத்தில் ஒரே ஒரு ரன்னில் கோப்பை கைநழுவியது. முழங்காலில் ரத்தம் கசிய 80 ரன் அடித்த ஷேன் வாட்சனை அந்தத் தோல்விக்காகவே சென்னை இன்னும் நேசிக்கிறது. போராடித் தோற்றவரை இந்த ஊர் ஒருநாளும் கைவிட்டதில்லை. 2025இல் கோபம் எழுந்ததற்குக் காரணம், தோற்ற போட்டிகள் பலவற்றில் வெல்வதற்கான முயற்சியே கண்ணில் படவில்லை என்பதுதான்.

டெல்லிக்கு எதிரான ஏப்ரல் 5 ஆட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சனிக்கிழமை பிற்பகல் வெயிலில் 184 ரன் இலக்கு. விஜய் சங்கர் 54 பந்தில் 69 ரன்னும், தோனி 26 பந்தில் 30 ரன்னும் எடுத்து, இருவரும் ஆட்டமிழக்காமல் நின்றார்கள். கையில் ஐந்து விக்கெட் மிச்சம் வைத்துக்கொண்டு 25 ரன்னில் அணி தோற்றது. விக்கெட் விழுந்து தோற்றால் எதிரணியைப் பாராட்டலாம். விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றால் யாரைப் பாராட்டுவது? அன்று தோனியின் பெற்றோர் மைதானத்துக்கு வந்திருந்ததால் அவர் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு பரவியது. ஆட்டத்தின் மீதிருந்த கவனம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் போய்விட்டது.

இங்கேதான் சென்னை ரசிகரின் ஆற்றாமை மற்ற ஊர் ரசிகர்களின் கோபத்திலிருந்து விலகுகிறது. பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது இடத்தில், அஸ்வினுக்கும் பிறகு வந்தார். அப்போது வெற்றி ஏறக்குறைய கைவிட்டுப் போயிருந்தது. கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை அவர் இரண்டு சிக்ஸர் அடித்தபோது அரங்கம் வென்ற அணியின் அரங்கம்போல அதிர்ந்தது. வீடு திரும்பும் வழியில்தான் கேள்வி வந்தது: அடிக்க முடிகிறவர் ஏன் முன்னால் வரவில்லை? பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் இரண்டு நாள் கழித்துக் குவாஹாத்தியில் பதில் சொன்னார். தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் இயலாது என்பது அதன் சாரம். அந்தப் பதிலில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. ஆனால் அது அடுத்த கேள்வியையும் திறந்துவிட்டது. பத்து ஓவர் ஆட முடியாத ஒருவரைச் சுற்றி ஒரு அணியின் வரிசை முழுவதையும் கட்டலாமா? அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கும் துணிவு சென்னையில் பெரும்பாலோருக்கு வரவில்லை. கேட்டால் ‘தல’யைக் குறை சொன்னதாகிவிடும்.

தோல்வியின் முகமும் பாசத்தின் முகமும் ஒன்றாகவே இருந்ததால் கோபம் போக இடமில்லாமல் திரும்பித் தன்னையே தின்றது. இதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் ஆரவாரம் எழும் வழக்கம் சேப்பாக்கத்தில் சில ஆண்டுகளாகவே இருக்கிறது. அடுத்து தோனி வருவார் என்பதே காரணம். தான் முன்னால் இறங்கினால் தான் ஆட்டமிழக்கக் கூட்டம் காத்திருக்கும் என்று 2023லேயே ஜடேஜா வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஏப்ரலில் தோனி களமிறங்கியபோது எழுந்த சத்தத்தில் எல்லைக் கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸல் காதைப் பொத்திக்கொண்டார். 2025இன் முதல் போட்டியிலும், வெற்றிக்கு நான்கு ரன் தேவைப்பட்ட நிலையில் ஜடேஜா ரன் அவுட் ஆக, அரங்கம் கொண்டாடியது. ஒரு மனிதரைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு அணி கொடுத்ததும் அந்த ஒரு மனிதரைத்தான். மீதிப் பத்துப் பேர் யார், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதைப் பல ஆண்டுகள் யாரும் கடுமையாகக் கேட்கவில்லை.

2025இல் கேட்டார்கள். விடை 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் இருந்தது. ருதுராஜ், ஜடேஜா ஆகியோரைத் தலா 18 கோடிக்கும், பதிரனாவை 13 கோடிக்கும், துபேவை 12 கோடிக்கும், கடைசியாகச் சர்வதேசப் போட்டியில் ஆடி ஐந்து ஆண்டு ஆனவர் என்ற விதியின்படி தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்த பிறகு, ஏலத்தில் அணி சுழற்பந்துக்கு அதிகப் பணம் ஒதுக்கியது. நூர் அகமதுவுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி. பேட்டிங்கில் ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் போன்ற அனுபவஸ்தர்கள் வந்தார்கள். மற்ற அணிகள் பவர் பிளேயிலேயே எழுபது, எண்பது என்று அள்ளத் தொடங்கியிருந்த காலம் அது. 150, 160 அடித்து, மந்தமான ஆடுகளத்தில் சுழலால் மடக்கும் பழைய சூத்திரத்துக்கான ஆட்களை சி.எஸ்.கே. வாங்கி வைத்திருந்தது. அந்தச் சூத்திரத்துக்கு அடிப்படையே சேப்பாக்கம் ஆடுகளம். பெங்களூரு தோல்விக்குப் பிறகு அந்த ஆடுகளத்தால் தங்களுக்குச் சாதகம் எதுவும் இல்லை, அதைக் கணிக்கவே முடியவில்லை என்று ஃபிளெமிங் சொன்னபோது, ஏலத் திட்டத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது புரிந்தது.

இன்னொரு மனக்குறை இதைவிடப் பழையது. 2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூருவை வீழ்த்தியபோது முரளி விஜய் 95 ரன் அடித்தார். அஸ்வின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்கவிடாமல் அனுப்பினார். பத்ரிநாத்தும் அந்த அணியில் இருந்தார். சேப்பாக்கத்திலும் மெரினாவிலும் வளர்ந்த பையன்கள் கோப்பையைத் தூக்கிய காலம் அது. பிறகு அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. சாய் கிஷோர் 2020, 2021 இரு பருவங்களும் சி.எஸ்.கே.வில் இருந்தும் ஒரு போட்டியில்கூட இறக்கப்படவில்லை. குஜராத் டைட்டன்ஸுக்குப் போன பிறகே அவரது ஐ.பி.எல். கணக்கு தொடங்கியது. சென்னைப் பையன் சாய் சுதர்சன் 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 ரன் அடித்தார். 2025இல், சி.எஸ்.கே. ரன் எடுக்கத் தவித்த அதே பருவத்தில், 759 ரன் எடுத்து ஐ.பி.எல்.லின் அதிக ரன் எடுத்தவர் ஆனார். வாஷிங்டன் சுந்தர் குஜராத்தில், நடராஜன் டெல்லியில், வருண் கொல்கத்தாவில். தமிழ்நாட்டு வீரர்கள் இல்லாத அணியைத் தடை செய்ய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் பா.ம.க. உறுப்பினர் ஒருவர் பேசியபோது பலர் சிரித்தார்கள். தடை என்பது மிகையான கோரிக்கை. அதற்குள் இருந்த கேள்வி நியாயமானது. 2025 தோல்விகளுக்குப் பிறகு அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டவர்கள் அதிகம்.

தோல்வியை மதிக்கத் தெரிந்த மைதானம்

இந்தக் கோபத்தின் தன்மையை உணர, இந்த ஊருக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதையும் பார்க்க வேண்டும். சேப்பாக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865 முதல் ஆடிவருகிறது. அன்று அது ஐரோப்பியர்களின் இடம். இந்தியர்கள் சமமாக நடத்தப்படாததைப் பொறுக்காத மயிலாப்பூர் லஸ் பகுதியின் புச்சி பாபு நாயுடு, 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் போட்டிக்கு அவரே ஏற்பாடு செய்தார். 1908இல், அந்தப் போட்டி நடப்பதற்குச் சற்று முன், இறந்துபோனார். பின்னாளில் பொங்கல் பருவத்தில் சேப்பாக்கத்தில் நடந்த பிரசிடென்சி மேட்ச் அந்த முயற்சியின் தொடர்ச்சிதான். மைதானத்துக்குத் தெற்கே இருக்கும் மயிலாப்பூர், மேற்கே இருக்கும் தி.நகர், மாம்பலம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடையாறு எல்லாம் நூறாண்டுக்கும் மேலாக இந்த விளையாட்டோடு வளர்ந்த பகுதிகள். வெங்கட்ராகவன் மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அஸ்வின் மேற்கு மாம்பலம் தெருக்களில் ஆடி வளர்ந்தவர். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே சமயத்தில் எத்தனை டென்னிஸ் பந்து ஆட்டங்கள் நடக்கின்றன என்பதை எண்ணிச் சொல்ல முடியாது.

இப்படி வளர்ந்த கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும். தோல்வியை வாங்கிக்கொள்ளவும் தெரியும். 1997இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே 194 ரன் அடித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. 1999 ஜனவரி 31 அதைவிடப் பெரிய நாள். 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு சச்சின் அடித்த 136 ரன்னால் வெற்றியின் வாசல்வரை போய், 12 ரன்னில் தோற்றது. சில நிமிடம் திகைத்து உட்கார்ந்திருந்த கூட்டம் பிறகு எழுந்து வாசிம் அக்ரமின் அணியைக் கைதட்டி வாழ்த்தியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த வாழ்த்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு மூன்றாண்டு முன்னால், 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் பாட்டில்கள் பறந்து, தீ வைக்கப்பட்டு, ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி அளிக்கப்பட்டது. 2007இல் வங்கதேசத்திடம் தோற்றதற்காக ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைச் சேதப்படுத்தினார்கள். சென்னையின் மரபு வேறு. 2025லும் சேப்பாக்கத்தில் ஒரு பாட்டில் பறந்து ஆட்டம் நிற்கவில்லை. யாருடைய வீட்டின் மேலும் கல் விழவில்லை.

ஆனால் இந்தப் பெருமையோடு ஒரு களங்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பருவத்தில் கொல்கத்தாவிடம் தோற்ற பிறகு, தோனியின் சிறு மகளைப் பற்றி இணையத்தில் மிரட்டல்கள் எழுதப்பட்டன. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். மிரட்டியவன் சென்னைக்காரன் இல்லை. ஆனால் அந்த நாட்களில் கேதார் ஜாதவ் மீதும் மற்ற வீரர்கள் மீதும் வசை பொழிந்தவர்களில் சென்னைக்காரர்கள் உண்டு. 2025இலும் திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் ஆகியோர் மீது விழுந்த கேலியில் ஒரு பகுதி எல்லை மீறியது. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல், எளிதில் அடிக்கக்கூடிய முதுகுகளைத் தேடிப் போவது கோழைத்தனம்.

தோல்வி உடம்பில் செய்யும் வேலை

தோற்றது பதினொரு பேர், வருந்துவது லட்சம் பேர். இதை உளவியலாளர்கள் நெடுநாளாக ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினியும் அவரது குழுவும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமை மாணவர்கள் அந்த அணியின் பெயர் பொறித்த உடையை அதிகம் அணிந்து வருவதைக் கண்டார்கள். தோற்றால் அணிவது குறைந்தது. வெற்றியில் ஒட்டிக்கொள்வதும் தோல்வியில் விலகிக்கொள்வதும் தன்மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள். அணியைத் தன் அடையாளத்தின் பகுதியாகவே ஆக்கிக்கொண்ட தீவிர ரசிகருக்கு இந்த விலகல் வழி அடைபட்டிருக்கும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவரால் சட்டையைக் கழற்ற முடியாது. சி.எஸ்.கே. ரசிகர் பெரும்பாலும் இந்த வகை. பிளே-ஆஃப் வாய்ப்பு போன பிறகும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் அரங்கில் மஞ்சள் சட்டைகள் நிறைந்தே இருந்தன.

பாதிப்பு வீட்டுக்குள்ளும் வருகிறது. டேவிட் கார்ட், கோர்டன் டால் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, ஜெயிக்கும் என்று நம்பப்பட்ட உள்ளூர் அணி எதிர்பாராமல் தோற்ற நாட்களில் ஆண்கள் மனைவியரையும் துணைவியரையும் தாக்கும் நிகழ்வுகள் சுமார் பத்து சதவீதம் கூடின. தோற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அணி தோற்றபோது அந்தக் கூடுதல் இல்லை. எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளிதான் ஆளைப் புரட்டுகிறது. ஐந்து கோப்பைகளும் ‘சேப்பாக்கம் கோட்டை’ என்ற நம்பிக்கையும் சென்னையில் அந்த இடைவெளியை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தன.

கேட்பதற்கு ஒரு கூட்டம் உண்டா

இதே அளவு வலியை வேறொரு விளையாட்டு ஊர் எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்க்கலாம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் மெல்பர்ன் அணி 2011 ஜூலை 30 அன்று ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்தப் போட்டித் தொடரின் வரலாற்றில் இரண்டாவது பெரிய தோல்வி அது. மிகப் பெரிய தோல்வியும், 1979இல் 190 புள்ளி வித்தியாசம், இதே மெல்பர்னுக்கே வாய்த்தது. ஜீலாங்கில் தோற்ற மறுநாள் பயிற்சியாளர் டீன் பெய்லி நீக்கப்பட்டார். ஒருவரை மட்டும் பலியிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. மெல்பர்ன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தவித்தது. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. அந்தத் தொடரின் பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. சந்தா கட்டிய ரசிகர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கலாம், பிடிக்காதவர்களை இறக்கலாம்.

சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்குபவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கிய அணி பின்னர் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. அதன் பங்குகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை, வெளிச்சந்தையில் கைமாறுகின்றன. விரும்பினால் ஒரு ரசிகர் நாலைந்து பங்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஹூடாவை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க அது உதவாது. 2025இல் தொடக்கப் போட்டிக்கான மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், மிக அதிகம் 7,500 ரூபாய். கள்ளச்சந்தையில் இவை பல மடங்கு விலைக்குப் போகின்றன. போட்டிதோறும் விற்பவர்களைக் காவல்துறை பிடிக்கிறது. ஒரு குடும்பம் மாதச் செலவில் கைவைத்து வாங்கும் டிக்கெட் அது. மைதானம் எப்படியும் நிரம்பிவிடுகிறது என்பதால் ரசிகரின் அதிருப்தி நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் தெரிவதே இல்லை. நிறையும் அரங்கம் ஒரு நிர்வாகத்துக்கு எவ்வளவு தவறான செய்தியைச் சொல்ல முடியும் என்பதற்கு 2022க்குப் பிந்தைய சி.எஸ்.கே. நல்ல சான்று. அந்த ஆண்டு ஒன்பதாம் இடம் வந்தபோதே ஆள் எடுக்கும் முறையை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். 2023இல் கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த பவுண்டரி கோப்பையைத் தந்தது. பழைய சூத்திரம் இன்னும் உயிரோடு இருப்பதாகவும் நம்ப வைத்தது.

இந்த ரசிகர்கள் அணிக்குக் கொடுத்ததை நிர்வாகம் மறந்திருக்க வாய்ப்பில்லை. சூதாட்டப் புகாரில் 2016, 2017 இரு ஆண்டுகள் அணி தடைபட்டுக் கிடந்தபோது காத்திருந்தார்கள். 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஒரே போட்டியோடு ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்ற சிறப்பு ரயிலில் சுமார் ஆயிரம் பேர் அங்கே போனார்கள். கேள்வி கேட்கும் உரிமையை அவர்கள் இப்படிச் சம்பாதித்திருக்கிறார்கள். 2025இல் அந்த உரிமை எவ்வளவு கூச்சத்தோடு பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். அஸ்வினின் யூடியூப் சேனலில் பேசிய விமர்சகர் ஒருவர், இரண்டு அனுபவச் சுழற்பந்து வீச்சாளர்கள் இருக்கும்போது நூர் அகமது எதற்கு என்று கேட்டார். அது சர்ச்சையானதும், அந்தப் பருவம் முழுவதும் சி.எஸ்.கே. போட்டிகளை அலசப்போவதில்லை என்று சேனல் அறிவித்தது. நூர் அந்தப் பருவத்தில் அணியின் சிறந்த பந்துவீச்சாளர். விமர்சகரின் கணிப்பு தவறு. தவறான விமர்சனத்துக்கு எதிர்வாதம் சொல்லலாம், வாயை மூடிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

பின்பாதி

கொல்கத்தா தோல்விக்கு மூன்று நாள் கழித்து லக்னோவில் அணி வென்றது. தோனி 11 பந்தில் 26 ரன் அடித்து ஆட்ட நாயகன் ஆனார். ஆந்திராவின் ஷேக் ரஷீத் தொடக்க ஆட்டக்காரராக அறிமுகமானார். வான்கடேயில் மும்பையிடம் ஒன்பது விக்கெட்டில் தோற்றாலும், அங்கே முதல்முறை ஆடிய 17 வயது ஆயுஷ் மாத்ரே ஐந்தாறு பந்துகளுக்குள் சிக்ஸர் அடிக்கத் தொடங்கியதும் மஞ்சள் சட்டைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. பெங்களூருவுக்கு எதிராக மே 3 அன்று அவர் 94 ரன் அடித்து, அணி 2 ரன்னில் தோற்றபோது, கோபத்தைக் காண முடியவில்லை. தோற்றுவிட்டோமே என்ற வருத்தம் மட்டும்தான். நடுவில் சேர்க்கப்பட்ட தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ், கொல்கத்தாவில் 25 பந்தில் 52 ரன் அடித்து 180 ரன் இலக்கை எட்ட உதவினார். கடைசிப் போட்டியில், மே 25 அன்று அகமதாபாத்தில், 230 ரன் குவித்துக் குஜராத்தை 83 ரன்னில் வென்றார்கள். மூன்றே வாரத்தில் ரசிகர்கள் மன்னிக்கத் தயாரானதற்கு இந்தப் பையன்கள் முயன்று அடித்ததே காரணம்.

நிர்வாகமும் கடைசியில் கணக்கை மாற்றி எழுதியது. அஸ்வின் ஆகஸ்ட் 27 அன்று ஐ.பி.எல்.லில் இருந்து விலகினார். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். பதிரனா, கான்வே, ரவீந்திரா, திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் விடுவிக்கப்பட்டார்கள். ஜடேஜா போனது மயிலாப்பூர் முதல் அடையாறு வரை பல வீடுகளில் துக்கமாகவே பேசப்பட்டது. 2023இல் அவர் கோப்பையை வென்று தந்த அந்தக் கடைசி இரண்டு பந்துகளை மறந்தவர் யாருமில்லை. டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளைஞர்களை, கார்த்திக் சர்மாவையும் பிரசாந்த் வீரையும், தலா 14.20 கோடி ரூபாய்க்கு சி.எஸ்.கே. வாங்கியது. அந்த வகையில் ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை கொடுக்கப்பட்ட தொகைகளில் அதுவே அதிகம். இருவரில் ஒருவரும் தமிழ்நாட்டுக்காரர் இல்லை.